யானையும் தீனியும்

யானை வாங்குவது எளிது, கட்டித் தீனி போடுவதுதான் கடினம் என்று நாட்டுப்புறத்தார் கூறுவர். பட்டறிந்து சொன்ன சொல் அது. அந்தச் சொல்லை உரைகல்லாக வைத்து, கடலில் மிதக்கும் யானை ஒன்றை உரசிப் பார்க்க விரும்புகிறோம். விமானங்களைச் சுமந்து செல்லும் போர்க்கப்பலைத்தான் யானை என்கிறோம்.

2022 செப்டம்பர் 2ஆம் நாள் கொச்சியில் 'விக்ராந்த்' கப்பற்படையில் சேர்க்கப்பட்டது. நாடெங்கும் கொண்டாட்டம்! கொண்டாடியதிலே குற்றமில்லை. இந்தியாவில் வடிவம் தீட்டி, இந்தியாவிலேயே கட்டி முடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பல் அது. நீளம் 262 மீட்டர். அகலம் 62 மீட்டர். எடை ஏறத்தாழ 43,000 டன். உள்ளே 2,300 அறைகள். பணிபுரிவோர் ஏறக்குறைய 1,600 பேர். கட்டிய செலவு சுமார் 20,000 கோடி ரூபாய்.

அந்நாளில் நமது ஊர்ப் படிப்பகத்தில் ஒரு தம்பி கேட்டான்: "கட்ட 20,000 கோடி, சரி. வைத்து நடத்த எவ்வளவு?" உடனே பக்கத்திலிருந்து பாய்ந்தது பதில்: "நாட்டின் பெருமைக்கு விலை கேட்பதா? நீ எந்த நாட்டுக்காரன்?" கேட்டவன் வாயடைத்துப் போனான். கணக்குக் கேட்டவனுக்குக் கணக்கைக் காட்டுவதுதானே முறை? நாட்டுப்பற்றைக் காட்டிக் கேள்வியை அடைத்துவிட்டால் அந்தக் கணக்கு யாருக்கு விளங்கும்? தம்பிக்குக் கிடைக்காத விடையை நாமாவது தேடிப் பார்ப்போம் என்று அன்று தொடங்கினோம். தேடிக் கண்டவற்றைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில், கட்டிய கைகளுக்குரிய சிறப்பைக் கொடுத்துவிடுவோம். இத்தகைய கப்பலுக்குச் சாதாரண எஃகு பயன்படாது. சிறப்பு எஃகு ருசியாவிலிருந்து வருவதாக இருந்தது, வரவில்லை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடத்தாரும் இந்திய எஃகு ஆணையத்தாரும் கூடி, அதை இங்கேயே உருவாக்கினர். பொகாரோ, பிலாய், ரூர்கேலா ஆலைகளிலிருந்து 30,000 டன் எஃகு கொச்சிக்குச் சென்றது. 2009இல் அடிக்கட்டை இடப்பட்டு, 2013இல் நீரில் இறக்கப்பட்டு, 2021இல் கடலில் சோதிக்கப்பட்டு, 2022இல் பணி ஏற்றது. பதின்மூன்று ஆண்டு உழைப்பு! அந்த எஃகைச் செய்யும் அறிவு ஒரு கப்பலோடு நின்றுவிடவில்லை. வேறு போர்க்கப்பல்களுக்கும் பயன்பட்டது. இதை வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும், எழுதிவிட்டோம்.

இனிச் செலவுப் பக்கம்.

கப்பலின் வேலை என்ன? விமானத்தை ஏற்றி அனுப்புவதும் இறக்கிக் கொள்வதும். தரையிலுள்ள விமான நிலையத்தில் ஓடுபாதை இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளும். இங்கோ எல்லாம் 262 மீட்டருக்குள் அடங்க வேண்டும். ஆகவே கப்பலின் முன்முனையை மேல்நோக்கி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓடிவரும் விமானம் அந்த வளைவில் ஏறி வானில் தாவும். கப்பலும் காற்றை எதிர்த்துத் திரும்பி விரைவாக ஓடவேண்டும். எதிர்க்காற்று விமானத்தின் இறக்கையைத் தூக்கிவிடும்.

இறங்குவது இன்னும் கடினம். விமானத்தின் வால்புறத்தில் ஒரு கொக்கி. தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள். கொக்கி வடத்தைக் கவ்வினால் விமானம் நிற்கும். சக்கரம் தளத்தைத் தொட்ட நொடியில் விமானி விசையைக் குறைப்பதில்லை, முழு அளவுக்குக் கூட்டுகிறார். நிற்க வேண்டிய நேரத்தில் விரைவைக் கூட்டுவதா என்று கேட்கத் தோன்றும். கொக்கி தவறிவிட்டால் மறு நொடியே மேலே எழ வேண்டும். விசை குறைந்திருந்தால் விமானம் கடலுக்குள் போய்விடும். அதனால்தான் அந்த ஏற்பாடு. இந்தப் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. வந்த பழக்கமும் விட்டுவிட்டால் போய்விடும். விமானிகளும் தளத்துப் பணியாளரும் ஓயாமல் பயின்றுகொண்டே இருக்க வேண்டும்.

பயிற்சி குறைந்தால் என்ன ஆகும்? 1967 சூலை 29ஆம் நாள் வியட்நாம் கடலோரத்தில் அமெரிக்காவின் 'ஃபாரஸ்டல்' கப்பலில், மின்கோளாறு காரணமாக ஒரு விமானத்தின் ராக்கெட் தானே கிளம்பி, எதிரே நின்ற விமானத்தைத் தாக்கியது. எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது, குண்டுகள் வெடித்தன. தீயணைக்கப் பயின்ற குழுவினரில் பெரும்பாலோர் தொடக்க வெடிப்புகளிலேயே மாண்டனர். எஞ்சியோருக்கு ஆர்வம் இருந்தது, பயிற்சி இல்லை. 134 உயிர்கள் போயின. அதன் பிறகே கப்பலிலுள்ள ஒவ்வொருவரும் தீயணைக்கக் கற்கவேண்டும் என்பது கண்டிப்பான முறையாயிற்று. பயிற்சிக்குச் செலவிடத் தயங்கினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இது சான்று.

அடுத்த செலவு விமானம். விமானமில்லாத விமானந்தாங்கி, நெல்லில்லாத களஞ்சியம். 2025 ஏப்பிரலில் இந்திய அரசு பிரான்சிடமிருந்து கப்பற்படைக்காக 26 ரஃபேல் விமானங்கள் வாங்க உடன்படிக்கை செய்தது. ஆயுதம், பயிற்சி, உதிரிப்பாகம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து விலை ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய். தோழர்களே, இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கப்பல் 20,000 கோடி; விமானம் 63,000 கோடி. வீட்டைப் போல மும்மடங்கு விலைக்கு வீட்டுச் சாமான்! அந்த 26இலும் நான்கு, பயிற்சிக்குரிய இரட்டை இருக்கை விமானங்கள். அவை கப்பலிலிருந்து பறக்கமாட்டா.

வாங்கிய விமானம் பறக்கும் நிலையில் இருக்கவும் வேண்டும். இதற்கு முன் வாங்கிய மிக் 29கே விமானங்களைப் பற்றி, நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் பாராளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். பணிக்கு ஆயத்தமாக இருந்தவை 16 முதல் 38 விழுக்காடு வரைதான் என்கிறது அது. நூறு மாடு கட்டியிருக்கும் தொழுவத்தில் பால் கறப்பவை முப்பதோ நாற்பதோ என்றால், வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?

விமானந்தாங்கி தனியே கடலில் செல்வதில்லை. நீர்மூழ்கியிடமிருந்தும் ஏவுகணையிடமிருந்தும் அதைக் காக்க வேறு போர்க்கப்பல்கள் சூழ்ந்து செல்ல வேண்டும். அவற்றுக்கு எண்ணெயும் உணவும் கொண்டுசெல்ல மற்றொரு கப்பல் வேண்டும். இவை அத்தனையும் யானையின் பாகர்கள். பாகர்களுக்கும் படி அளக்க வேண்டும்.

யானை படுத்துக் கிடக்கும் காலமும் உண்டு. பிரான்சிடம் உள்ளது 'சார்ல் தெ கோல்' என்ற ஒரே விமானந்தாங்கி. 2017இலிருந்து 2018 வரை ஒன்றரை ஆண்டு அது செப்பனிடும் துறையில் கிடந்தது. அந்த ஒன்றரை ஆண்டும் அந்த நாட்டுக்கு விமானந்தாங்கியே இல்லை. பிரிட்டன் 600 கோடி பவுனுக்கு மேல் செலவிட்டு இரண்டு கட்டிற்று. 2022 ஆகஸ்டில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டு, கரையைத் தாண்டியதுமே சுழல்விசிறியின் தண்டு பழுதுபட்டுத் திரும்பியது. செல்வத்தில் முதலாவதாகிய அமெரிக்காவுக்கும் இதே தொல்லைதான். அணுவிசையால் ஓடும் 'ஜார்ஜ் வாஷிங்டன்' நடுவயதுச் செப்பனிடலுக்காக 2017இல் துறைக்குள் சென்றது. வெளியே வந்தது 2023இல். ஆகவேதான் ஒன்று எப்போதும் கடலில் இருக்கவேண்டுமானால் மூன்று வேண்டும் என்கிறார்கள் கடற்படை அறிந்தவர்கள்: ஒன்று காவலில், ஒன்று பயிற்சியில், ஒன்று பழுதுபார்ப்பில். ஒன்றுக்கென்று கேட்கத் தொடங்கும் செலவு மூன்றில் போய் நிற்கிறது.

"அப்படியானால் மலிவாகப் பழையது வாங்கலாமே!" என்பார் உளர். வாங்கியவர் கதையைக் கேளுங்கள். ருசியாவின் பழைய 'கோர்ஷ்கோவ்' கப்பலைப் புதுப்பித்துத் தர 2004இல் பேசிய விலை 97 கோடி டாலர். 2008இல் தருவதாகச் சொன்னார்கள். விலை 230 கோடி டாலரைத் தாண்டிற்று. கப்பல் 'விக்ரமாதித்யா' என்ற பெயருடன் கைக்கு வந்ததோ 2013 நவம்பரில். இடையே 2012 சோதனை ஓட்டத்தில் கொதிகலன்கள் பழுதாகி ஓராண்டு போயிற்று. வாழ்நாளில் பாதி கழிந்த பழைய கப்பலுக்குப் புதியதைவிட அதிக விலை கொடுக்கிறோம் என்று 2009லேயே கணக்குத் தணிக்கையாளர் எச்சரித்திருந்தார்.

வெள்ளை யானைக்குப் பெயர்போன சயாம் நாட்டில், பிடிக்காத பிரபுவுக்கு அரசன் வெள்ளை யானையைப் பரிசளிப்பானாம். வேலை வாங்க முடியாத அந்த யானைக்குத் தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாவானாம். கதைதான். அந்தத் தாய்லாந்தே 1997இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு சிறு விமானந்தாங்கியை வாங்கிற்று. அதே ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்து நாட்டைக் கவிழ்த்தது. கப்பல் பெரும்பாலும் துறைமுகத்திலேயே நின்றது. அதன் ஹாரியர் விமானங்கள் உதிரிப்பாகத்துக்கு வழியின்றி ஒவ்வொன்றாய் முடங்கி, 2006இல் விலக்கப்பட்டன. அதன் பின் அது ஹெலிகாப்டர்களை மட்டும் சுமக்கும் கப்பலாயிற்று.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. இந்த யானைக்கு அதுவும் பொருந்தவில்லை. பிரேசில் நாடு 2000இல் பிரான்சின் பழைய 'ஃபோஷ்' கப்பலை 1 கோடியே 20 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. மலிவுதான்! தீ விபத்துகளும் பழுதுகளுமாகக் காலம் கழித்து, 2017இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். உடைப்பதற்காகத் துருக்கிக்கு இழுத்துச் சென்றபோது, உள்ளே கல்நார் நச்சு இருக்கிறது என்று சொல்லித் துருக்கி வரவேண்டாம் என்றது. திரும்பி வந்தால் சொந்தத் துறைமுகமும் இடந்தரவில்லை. 2023 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் அதை மூழ்கடித்தார்கள்.

பழைய 'விக்ராந்த்' கதையும் நெஞ்சைத் தொடுவது. 1957இல் பிரிட்டனிடம் அரைகுறையாக வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரில் முடித்து, 1961இல் பணியேற்ற கப்பல் அது. 1997இல் ஓய்வுபெற்ற பின் மும்பையில் காட்சிக்கூடமாக நின்றது. மும்பை சென்றிருந்த வேளையில் நாமும் அதன் தளத்தில் நடந்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தனர். காலடியில் இரும்பு துருவேறியிருந்தது. பராமரிக்கப் பணமில்லை என்று 2012இல் மூடினர். 2014இல் ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க்குப் பழைய இரும்பாக விற்றனர். அந்த இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் ஆயிற்று. போற்றிப் பேசிய நாவுகள் பல. பராமரிப்புக்குப் பணம் தர நீண்ட கைகள் இல்லை.

இவ்வளவும் சொன்னதால், விமானந்தாங்கியே வீண் என்று நாம் கூறுவதாக எண்ணிவிட வேண்டாம். 1971 டிசம்பரில் அதே பழைய விக்ராந்த், வங்கக் கடலில் நின்று காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கித் துறைமுகங்களை முடக்கிற்று. அப்போதே அதன் கொதிகலன்களில் ஒன்று வெடிப்புக் கண்டிருந்தது. விரைவு குறைந்தால் எதிர்க்காற்றும் குறையும். அந்த நிலையிலும் விமானங்களை ஏற்றி அனுப்பினார்கள். தரைத்தளம் இல்லாத இடத்தில் விமான வலிமையைக் கொண்டு நிறுத்த வேறு வழி எளிதில்லை.

மறுபக்கமும் உண்டு. 2022 ஏப்பிரலில் ருசியாவின் 'மாஸ்க்வா' என்னும் பெரிய போர்க்கப்பலை உக்ரைன் கரையிலிருந்து ஏவிய இரண்டு ஏவுகணைகள் கருங்கடலில் மூழ்கடித்தன. பெரிய கப்பலைச் சிறிய செலவில் வீழ்த்தும் காலம் இது என்று வாதிடுவோர்க்கு அது சான்று. அரைமணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நகர்ந்துவிடும் கப்பலைக் குறிபார்ப்பது எளிதன்று என்று எதிர்வாதம் புரிவோரும் உளர். இரண்டும் கேட்கத்தக்க வாதங்களே. ஆனால் "பெருமை" என்பது வாதமாகாது. பெருமையைக் காட்டிக் கணக்கை மறைப்பவன், கப்பலுக்கும் நன்மை செய்யவில்லை. அதில் உயிரைப் பணயம் வைத்துப் பணிபுரியும் மாலுமிக்கும் நன்மை செய்யவில்லை. தீனி குறைந்தால் முதலில் துன்புறுபவன் அந்த மாலுமிதான்.

மூன்றாவது விமானந்தாங்கி வேண்டும் எனக் கப்பற்படை பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அந்தப் பேச்சு மீண்டும் மன்றத்துக்கு வரும். அப்போது இளைஞர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எத்தனை விமானம்? அவற்றின் விலை எங்கே? ஆண்டில் எத்தனை நாள் கடலில் இருக்கும்? உடன் செல்லும் கப்பல்கள் எவை? பழுதுபார்க்கும் துறை ஆயத்தமா? இதற்காக விட்டுவிடப் போவது எதை, நீர்மூழ்கியையா, பள்ளிக்கூடத்தையா, மருத்துவமனையையா? முப்பது நாற்பது ஆண்டு உழைத்த பிறகு அதை எங்கே கொண்டுபோய் விடுவது?

தணிக்கை அறிக்கைகள் மக்கள் பணத்தில் எழுதப்பட்டவை. மக்கள் படிப்பதற்காக அச்சானவை. படிப்பகந்தோறும் அவற்றைப் படியுங்கள். கேட்பவனை நோக்கி, "நீ எந்த நாட்டுக்காரன்?" என்று யாரேனும் சீறினால், "வரி கட்டும் நாட்டுக்காரன்" என்று அமைதியாக விடையிறுங்கள். தீனிக் கணக்கை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். யானை வேண்டுமா, வேண்டாமா என்பதை அதன் பிறகு பேசுவோம்.