கழித்தல் தொண்ணூறு மீற்றர்

பருத்தித்துறை முனையில், வெளிச்சவீட்டுக்குக் கிட்டக் கரையில் நின்றபோது மருமகன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போகிறது. திரையில் உயரம் கழித்தல் 93 மீற்றர் என்றிருந்தது.

"மாமா, நாங்கள் கடலுக்குக் கீழையோ நிக்கிறம்?"

"உன்ரை போன் பிழையடா" என்றேன். பத்தாந் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தே நரைத்தவன் சொல்லக்கூடிய மறுமொழி அல்ல அது. அடுத்த கிழமை காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போனபோது, அதே செயலியை என் போனில் இறக்கிப் பார்த்தேன். எண் தொண்ணூறுக்கு அங்காலும் இங்காலுமாக ஆடியது. யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பின்னால், கடல்நீரேரிக் கரையிலும் அதே கதைதான். இரண்டு போன்களும் மூன்று கரைகளும் கூடிப் பேசிப் பொய் சொல்ல வழியில்லை.

நில அளவையாளரான நண்பர் ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். "அது பொய்யில்லை. எதிலையிருந்து அளக்கிறாய் எண்டு முதல்லை கேள்."

போன் உயரத்தைச் செய்மதியை வைத்தே கணிக்கிறது. செய்மதிக்குக் கடல் தெரியாது. அதற்குத் தெரிந்தது 1984 இல் கணித்து வைத்த ஓர் உருண்டை மட்டுமே: துருவங்களில் கொஞ்சம் தட்டை, மத்திய கோட்டில் ஆரை 6378 கிலோமீற்றர், மேடு பள்ளம் எதுவும் கிடையாது. உலகக் கடல் சில இடங்களில் அந்த உருண்டைக்கு மேலே உயர்ந்தும் சில இடங்களில் தாழ்ந்தும் கிடக்கிறது. எங்கள் கடல் தொண்ணூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அது இன்னும் இறங்கி, ஏறத்தாழ 106 மீற்றர் ஆழமான ஒரு குழிவாகிறது. உலகத்திலேயே ஆழமான குழிவு அதுதான். நாங்கள் இருப்பது அதன் வடக்குச் சரிவில்.

பள்ளம் என்றால் நீர் ஓடி வந்து நிரம்ப வேண்டாமா? இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. விடை எங்கள் வீட்டுச் சுவரைக் கட்டிய மேசனின் கையில் இருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் ஈர்ப்பின் திசையில் நிற்கும். அசையாத நீரின் மேற்பரப்பு எப்போதும் அந்த நூலுக்குச் செங்குத்து. நிலத்துக்குக் கீழே ஓரிடத்தில் பாறை அடர்த்தி குறைந்து கிடந்தால், சுற்றியுள்ள கனத்த பகுதிகள் நூலையும் இழுக்கும், நீரையும் இழுக்கும். நீர் அந்தப் பக்கங்களில் கூடி நடுவில் தாழும். ஆனால் அந்தக் குழிவின் எந்த இடத்திலும் நீர்மட்டத்தை வைத்துப் பாருங்கள், குமிழி நடுவில்தான் நிற்கும். கொழும்பிலிருந்து தெற்கே போகும் கப்பல் இறங்குவதுமில்லை, திரும்பும்போது ஏறுவதுமில்லை. ஈர்ப்புக்கு எதிராக அது செய்யும் வேலை பூச்சியம். எண்ணெய் எரிவதெல்லாம் நீரின் உராய்வையும் அலையையும் வெல்லத்தான்.

அப்படியானால் கடல்மட்டம் என்று நாங்கள் பூச்சியமாக எழுதுவதே ஈர்ப்பு போட்ட கோடு. இத்தனை வருடமும் "கடல்மட்டத்திலிருந்து உயரம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன்.

இந்தக் குழிவைச் சிலர் "ஈர்ப்புத் துளை" என்று எழுதி ஆளைப் பயமுறுத்துகிறார்கள். துளையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அங்கே ஈர்ப்புக் குறைவது ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆளுக்கு மூன்று கிராம், ஒரு தேக்கரண்டிச் சீனிகூட வராது. எங்களுக்கு ஈர்ப்புக் குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் வேறு: மத்திய கோட்டுக்கு அருகில் பூமி சற்றுப் புடைத்திருப்பதும் அது சுழல்வதும். அகலாங்கை வைத்துக் கணித்தால் யாழ்ப்பாணத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.78, இலண்டனில் 9.81. 1672 இல் பாரிசிலிருந்து கயேன் தீவுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ரிஷேயின் ஊசற் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தி ஓடியதும் இதனால்தான். இலண்டனில் செய்த விற்றராசை இங்கே கொண்டுவந்தால் அது குறைத்துக் காட்டும். சந்தைத் தட்டுத் தராசு ஏமாறாது, இரண்டு தட்டும் ஒரேயளவு இளைக்கும்.

குழிவை 1948 இல் முதலில் சுட்டிக்காட்டியவர் வெனிங் மைனெஸ். அவரும் ஓர் ஒல்லாந்தர்தான், ஆனால் கோட்டை கட்ட வந்தவர் அல்லர். அலையில் ஆடும் கப்பலில் ஊசல் சரிவராது என்று 1923 இல் நீர்மூழ்கியில் ஏறி, ஹொலண்டிலிருந்து ஜாவாவரை ஆழத்தில் ஈர்ப்பை அளந்துகொண்டு போனவர். இரண்டு மீற்றருக்கு மேல் உயரமானவராம். அந்த மனுசன் நீர்மூழ்கிக்குள் எப்படி நிமிர்ந்தார் என்பதும் ஒரு பௌதிகக் கேள்வி.

பாறை ஏன் அடர்த்தி குறைந்தது என்பதற்கு ஒரு விடை 2023 இல் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் தேபஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 14 கோடி ஆண்டுப் பூமியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே நகர, அதற்கும் ஆசியாவுக்கும் இடையிலிருந்த தெதிசு என்ற பழங்கடலின் அடித்தளம் பூமிக்குள் அமிழ்ந்தது. அது ஆபிரிக்காவுக்கு அடியிலிருந்த சூடான பகுதியைக் கிளறிவிட, சூடாகி இலேசான பாறை எங்கள் பக்கம் மேலேறிப் பரவியது. குழிவு இன்றைய உருவத்துக்கு வந்தது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அந்த இலக்கத்தில் நின்றுவிட்டேன். எங்கள் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அதுவும் ஏறத்தாழ அதே வயது. குழிவு உருவாகி வந்த காலத்தில் இந்தக் குடாநாடு கடலுக்கடியில் சிப்பியும் பவளமுமாகப் படிந்துகொண்டிருந்திருக்கிறது.

மருமகனைக் கிணற்றுக்கட்டுக்குக் கூட்டிப்போய், உள்ளே தெரியும் வெள்ளைக் கல்லைக் காட்டி முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப சோதினையிலை ஈர்ப்பு ஆர்முடுகல் என்னெண்டு எழுதிறது மாமா? ஒன்பது தசம் ஏழு எட்டோ?"

"பத்தெண்டு போடு" என்றேன். "வினாத்தாளிலை அப்பிடித்தான் தந்திருப்பாங்கள்."