நடுக்கடலில் மெமரி கார்டு

கப்பல் சுற்றுலா இப்போ நம்ம மக்கள்கிட்ட நல்லாவே பரவிடுச்சு. மும்பையிலிருந்து கோவா, கொச்சியிலிருந்து லட்சத்தீவுன்னு குடும்பத்தோட கிளம்பிடறாங்க. போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கற கேள்வி ரெண்டு. ஒண்ணு, வாந்தி வருமா? அதை டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டாவது, கேமரா கார்டு நிறைஞ்சு போனா என்ன பண்றது? இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இருக்கு :-)

வழக்கமா கிடைக்கிற அறிவுரை என்னன்னா, "ராத்திரி உக்காந்து சரியில்லாத படத்தையெல்லாம் அழிச்சிடுங்க, இடம் கிடைச்சிடும்". நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். கப்பல்ல இருக்கறவரைக்கும் ஒரு படத்தைக்கூட அழிக்காதீங்க. அழிக்கற தேவையே வராத அளவுக்கு இடத்தைக் கையோட கொண்டு போங்க.

2019 ஜனவரியில நானும் தங்கமணியும் பையனும் புனேயிலிருந்து வந்தோம். அப்பா அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து எர்ணாகுளத்துல சேர்ந்துக்கிட்டாங்க. லட்சத்தீவு நிர்வாகத்தோட 'சமுத்ரம்' சுற்றுலா. எம்.வி. கவரத்தி கப்பல்ல 5 நாள். ராத்திரி கப்பல்ல தூக்கம், பகல்ல கவரத்தி, கல்பேனி, மினிக்காய்னு ஆளுக்கொரு நாள் மாதிரி தீவுக்கொரு நாள்.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கணக்குப் போட்டேன். நம்ம கேமரா 24 மெகாபிக்சல். நல்ல தரத்துல ஒரு ஜேபெக் படம் சுமார் 10 எம்பி. நாளைக்கு 300 படம்னா 3 ஜிபி. வீடியோதான் இடத்தை முழுங்கும். ஃபுல் ஹெச்டியில, நொடிக்கு 50 மெகாபிட் வேகத்துல எடுத்தா நிமிஷத்துக்கு 375 எம்பி. நாளைக்கு 20 நிமிஷம்னா ஏழரை ஜிபி. ஆக ஒரு நாளைக்குப் பத்தரை, 5 நாளைக்கு 52 ஜிபி சொச்சம். 32 ஜிபி கார்டு நாலு எடுத்துக்கிட்டேன். ரெண்டு மடங்குக்கு மேலயே இடம்.

"ஒரே 128 ஜிபி கார்டா வாங்கினா மாத்தற வேலையே இல்லையே?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அது போச்சுன்னா மொத்தப் பயணமும் போச்சு. தீவுக்கு ஒண்ணு, கப்பலுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சா, போனாலும் ஒரு நாளோட போகும்.

அப்புறம் 'வீட்டுக்கு அனுப்பிடலாம், ஆன்லைன்ல ஏத்திடலாம்'ங்கற நினைப்பையும் கரையிலேயே விட்டுட்டுப் போயிடணும். அப்போ லட்சத்தீவுக்கு இணையத் தொடர்பு செயற்கைக்கோள் வழியாத்தான். கொச்சியிலிருந்து கடலுக்கடியில போட்ட ஃபைபர் கேபிள் 2024 ஜனவரியிலதான் திறந்தாங்க. அந்தக் கேபிள் தீவுக்குத்தான் வரும், நடுக்கடல்ல போற கப்பலுக்கு வராது! ராத்திரி முழுக்க செல்போன்ல சிக்னலே இருக்காது.

அதனால நாங்க பண்ணினது இதுதான். தினமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அன்னிக்குக் கார்டை லேப்டாப்ல காப்பி, அங்கேயிருந்து சின்ன ஹார்ட் டிஸ்க்ல இன்னொரு காப்பி. கார்டையும் அழிக்கறதில்லை. ஆக மூணு பிரதி. பகல்ல தீவுக்கு இறங்கும்போது லேப்டாப் கேபின்ல, ஹார்ட் டிஸ்க் தங்கமணி பையில. முடிஞ்ச கார்டெல்லாம் ஒரு சின்ன டப்பாவுல போட்டு அம்மாவோட சுருக்குப்பையில. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்துல கிடையாது.

கேமராவுல ஃபைல் நம்பரிங்னு ஒரு செட்டிங் இருக்கும். அதை 'கன்டினியூவஸ்'னு வச்சிடுங்க. இல்லைன்னா ஒவ்வொரு கார்டும் 0001-ல ஆரம்பிச்சு, ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணும்போது ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடும். கார்டு மாத்தறதைக் கேபினுக்குள்ளயே வச்சுக்கோங்க. கப்பல் தள்ளி நிக்க, சின்னப் படகுல கரைக்குப் போகும்போது உப்புத்தண்ணி தெறிக்கும். ஏசி கேபின்லேர்ந்து டெக்குக்கு வந்ததும் லென்ஸ் புகை படிஞ்ச மாதிரி ஆயிடும். கேமராவை ஒரு ஜிப் கவர்ல போட்டே வெளியில கொண்டு வந்து, சூடு சமமானதும் எடுங்க.

இவ்வளவு பண்ணியும் கல்பேனி கார்டு காலை வாரிடுச்சு. ராத்திரி லேப்டாப்ல சொருகினா, "இந்தக் கார்டை ஃபார்மட் பண்ணட்டுமா?"ன்னு கேக்குது! பையன் ஓகே அழுத்தக் கையை நீட்டிட்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிக்குமே 'வேண்டாம்'தான் பதில். கார்டை வெளியில எடுத்து, ஓரத்துல இருக்கற லாக்கைத் தள்ளி, தனியா வச்சுட்டேன். கெட்டுப் போன கார்டுல மறுபடி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. பழைய படம் இருக்கற இடத்துல புதுசு போய் உக்காந்துடும். வீட்டுக்கு வந்து ஃபோட்டோரெக்குங்கற இலவச மென்பொருளைப் போட்டு மீட்டேன். பேரெல்லாம் தொலைஞ்சு போச்சு, ஆனா முக்கால்வாசிப் படம் வந்துடுச்சு. படத்துக்குள்ளயே எடுத்த நேரம் பதிஞ்சிருக்கறதால வரிசையா அடுக்கவும் முடிஞ்சுது.

சரி, ஏன் அழிக்கக் கூடாதுன்னு சொல்றேன்?

மினிக்காய்ல 1885-ல கட்டின கலங்கரை விளக்கம் ஒண்ணு இருக்கு. மேல ஏறிப் பார்க்கலாம். அப்பாவுக்கு முட்டிவலி. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கன நிக்கேன்"னுட்டார். மேலேர்ந்து நான் தென்னந்தோப்பு, வெள்ளை மணல், பச்சைக் கடல்னு சுத்திச் சுத்தி எடுத்தேன்.

அன்னிக்கு ராத்திரி கேபின்ல கேமராவோட 3 இஞ்ச் திரையில எல்லாரும் பார்த்தோம். அப்பா 36 படம் பிலிம் ரோலை ரெண்டு தீபாவளிக்கு வச்சுக்கிட்ட ஆளு. அவருக்குத் தாங்கலை. "ஏலே, வெறும் தென்னமரத்தைப் போயி நாலு தடவ எடுத்திருக்க. மூணை அழிச்சு இடத்தை மிச்சம் பண்ணுல"ன்னார். "இடம் நிறைய இருக்குப்பா, ஊருக்குப் போயி பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டேன்.

ஊருக்கு வந்து பெரிய திரையில பெருசு பண்ணிப் பார்த்தா, மூணாவது தென்னமரப் படத்துல ஒரு வெள்ளைப் புள்ளி. இன்னும் பெருசு பண்ணினேன். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டு அப்பா. மத்த மூணு படத்துலயும் மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கார். அவர் கை ஆட்டினது மேல நின்ன எங்க யாருக்கும் தெரியலை. அவரும் கடைசி வரைக்கும் சொல்லலை.

2022-ல அப்பா போயிட்டார். அந்தக் கப்பல் பயணத்துல அவரை நிக்க வச்சு, சிரிக்கச் சொல்லி எடுத்தது அறுபது எழுபது படம் இருக்கும். எல்லாத்துலயும் பாஸ்போர்ட்டுக்கு நிக்கற மாதிரி விறைப்பா இருப்பார். கேமரா இருக்கறது தெரியாம அவர் இருக்கறது இந்த ஒண்ணுலதான். அம்மா இதைத்தான் பெருசா பிரிண்ட் போடச் சொன்னாங்க. அவரை மட்டும் வெட்டி எடுக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், மரமெல்லாம் இருக்கட்டும்னுட்டாங்க.

எது நல்ல படம், எது வேண்டாத படம்னு கப்பல் ஆட்டத்துல, அரைத் தூக்கத்துல, சின்னத் திரையில முடிவு பண்ற விஷயம் இல்லை. ஒரு கார்டு அதிகமா வாங்கிக்கோங்க. எடுத்ததெல்லாம் அப்படியே வீடு வந்து சேரட்டும். மிச்சத்தை மெதுவா பார்த்துக்கலாம்.