பாதி வழி இரயில்

எங்கள் பத்து பெரண்டாமில் விமான நிலையம் உண்டு. இரயில் நிலையம் கிடையாது. அதனால் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்ப எப்போதும் பேருந்துதான். சென்ற விடுமுறையில் ஒரு மாற்றம் செய்தோம். தோழியர் மூவருடன் விடியற்காலையில் கோலாலம்பூர் சென்ட்ரலில் கம்யூட்டர் இரயில் ஏறினேன். வழியில் ஒரு மலை ஏறிவிட்டு வீடு போவதாகத் திட்டம்.

சிரம்பானைத் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து பச்சை கூடியது. ரெம்பாவில் இறங்கி, வாடகைக்காரில் குனோங் டத்தோக் அடிவாரத்தை அடைந்தோம். 884 மீட்டர் உயரம்தான். ஆனால் நல்ல செங்குத்து. மரவேர்களே படிகள். அரட்டையோடு ஏறத் தொடங்கியவர்கள் அரைமணி நேரத்தில் மௌனமாகிவிட்டோம். உச்சியில் பெரும் பாறைகள். அவற்றில் ஏற இரும்பு ஏணிகள். வானம் தெளிந்திருந்ததால் தூரத்தில் மலாக்கா நீரிணை தெரிந்தது. அதற்கு இப்பால் எங்கோ எங்கள் ஊர்!

மாலையில் மீண்டும் இரயில். அடுத்த நிலையமான பூலாவ் செபாங்கோடு கம்யூட்டர் பயணம் முடிந்துவிடுகிறது. சித்தப்பா காரோடு காத்திருந்தார். உடன் வந்த தாத்தா மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை.

"இரயில்ல வந்தா பாதி வழிதாம்மா வரமுடியும்" என்றார்.

ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகர்வரை கிளைப்பாதை இருந்ததாம். ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தண்டவாளம் மட்டுமா போனது? தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் போனார்கள். அவர்களில் ஒருவர் தாத்தாவின் அப்பா. தாத்தாவுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவின் முகம் நினைவில்லை, படமும் இல்லை. இன்றுவரை அவர் இரயில் ஏறியதே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மரண இரயிலைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். வீட்டில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை!

இரவு, கைப்பேசியில் மலைப்படங்களைக் காட்டினேன். தாத்தா காட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காடும் இப்படித்தான் இருந்திருக்குமோ?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார்.

"மலையெல்லாம் என்னால ஏற முடியாது. ரெம்பாவ் ஒரு ஸ்டேசன்தானே?"

"ஆமாம் தாத்தா, ஒரே ஸ்டேசன்தான்."

அடுத்த விடுமுறையில் பூலாவ் செபாங்கில் இரண்டு டிக்கெட் எடுக்கவேண்டும்.