இரண்டு சைக்கிள்களும் ஒரு காரும்

பெண்ணாடத்து வீட்டைக் காலி செய்தபோது எவருக்கும் கொடுக்க மனம் வராமல் எஞ்சியவை இரண்டு சைக்கிள்கள். ஒன்று அப்பாவின் ஹெர்குலிஸ். மற்றொன்று தங்கை பதினொன்றாம் வகுப்பில் பெற்ற அரசாங்க இலவச சைக்கிள். முன்பெல்லாம் விருத்தாசலம் பேருந்தின் கூரையில் ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டால் போதும். இப்போது எங்கள் சிறிய காருக்கு ஒரு தாங்கி தேடினோம், சிதம்பரம்வரை கொண்டுசெல்ல.

டிக்கியில் வாரால் கட்டும் வகை மலிவு. ஆனால் கொக்கிகள் மெல்லிய தகட்டு விளிம்பைப் பற்றி இழுக்கின்றன. எண் பலகையும் விளக்குகளும் மறையக்கூடும். வண்டியின் பின்னே இழுவைக் கொக்கியில் பொருத்துவது உறுதியானது, எங்கள் காரில்தான் அந்தக் கொக்கி இல்லை. மிஞ்சியது கூரைத் தாங்கி.

இவையெல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒல்லி சைக்கிள்களை எண்ணிச் செய்யப்பட்டவை. அப்பாவுடையதோ கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் சகிதம் இருபது கிலோ இருக்கும். தங்கையுடையதில் தாங்கியின் கை பற்றவேண்டிய மேல்கம்பியே கிடையாது. புடவையும் தாவணியும் உடுத்துவோருக்காக வளைக்கப்பட்ட சட்டம் அது! ஹேண்டில்பாருக்கும் இருக்கைத் தண்டுக்கும் நடுவே மாட்டும் துணைக்கம்பி தனியாக விற்கிறார்கள், வாங்கினோம்.

அப்பாவின் சைக்கிளைக் குட்டியானையில் போடலாம் என்றோம். அம்மா ஒப்பவில்லை. தம்பி அதை ஓட்டியே வருவதாகச் சொல்லியிருக்கிறான், ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். முதலில் டயர் இரண்டையும் மாற்றவேண்டும்.