கோடையில் ஒரு விதைப்பு

லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு மழை அரிது. பனி உருகி வாய்க்கால் வழியே வரும் நீரே தோட்டங்களுக்கு உயிர். கோடை பிறந்ததும் வீடுகளில் கேரட் விதைப்புத் தொடங்கிவிடும்.

முதலில் மண்ணை ஆழக் கொத்திக் கற்களைப் பொறுக்குவர். கேரட் ஒரு வேர்; கல் தடுத்தால் கிளைத்துக் கோணலாகும். நாற்றைப் பிடுங்கி நட்டாலும் அவ்வாறே ஆகும். எனவே, விதையைப் பாத்தியிலேயே 1 சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுவர். முளைக்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். அதுவரை வெறும் மண்ணுக்கே நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். மேல்மண் உலர்ந்தால் முளை கருகிவிடும். ஆதலால் ஈரச்சாக்கைப் போர்த்தி, முளை தலைகாட்டியதும் அகற்றுவர்.

அடுத்தது கடினமான வேலை. 5 சென்டிமீட்டருக்கு ஒரு செடியை விட்டு, மற்றவற்றைக் களைய வேண்டும். காத்து வளர்த்தவர்க்கு அஃது எளிதன்று. ஆனால், இரக்கப்பட்டு அனைத்தையும் விட்டுவைத்தால் ஒன்றும் பருக்காது.

குளிர் நெருங்கும்போது அகழ்ந்தெடுத்த கேரட்டை நிலத்தடிக் குழிகளில் சேமிப்பர். மலைப்பாதைகளைப் பனி மூடும் மாதங்களில் அது வீட்டாரின் பசி தீர்க்கும். கோடையில் வெறும் மண்ணுக்கு வார்த்த நீர், அன்று உணவாகிறது.