நூறு தேய்த்த கலயம்

ஹூஸ்டனில் இரவு 9 மணி என்றால் கொல்லயிலில் மறுநாள் காலை 7.30. அம்மா அங்கே அடுக்களையில் தோசைக்கல் முன்னால் நிற்கிறாள். நான் இங்கே அடுக்களையில் மூன்று சோடா பாட்டில்களின் வாயில் பலூன் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"இதென்ன மக்களே, பிள்ளைக்குப் பிறந்தநாளா?"

"பாடம் அம்மா. சோதனை செய்யணும்."

நாற்பது வயதுக்கு மேல் கணக்கியல் படிக்கச் சேர்ந்தவள் எதற்கு உயிரியல் சோதனை செய்கிறாள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்து அரசுக் கல்லூரிகளில் எந்த இளநிலைப் பட்டத்துக்குப் படித்தாலும் 42 கிரெடிட் மணிநேரப் பொதுப் பாடங்களை முடித்தாக வேண்டும். அதில் 6 மணிநேரம் அறிவியல். எங்களைப் போன்றவர்களுக்காகவே 'அறிவியல் அல்லாத மாணவர்களுக்கான உயிரியல்' என்று ஒரு பாடம், எண் 1408. நான் எடுத்தது முழுக்க இணையவழி, ஆய்வகம் உட்பட. தபாலில் ஒரு பெட்டி வந்தது: கண்ணாடித் தகடுகள், சொட்டுக்குழாய், அளவுக்குவளை, கண்காப்பு. மீதியை மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டியைப் பிரிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பயம்தான். அது ஊர் எல்லையில், பள்ளிக்கூட நாளில் தொடங்கிய பயம்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அம்மா பிறந்த குழித்துறை தமிழ்நாட்டுப் பக்கம், அவள் வாழ்க்கைப்பட்ட கொல்லயில் கேரளப் பக்கம். இடையில் களியக்காவிளை. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் அது குறுக்கே நின்றது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். செல்லுக்குக் 'கோசம்', நொதிக்கு 'ராசாக்னி', சவ்வூடு பரவலுக்கு 'விருதிவ்யாபனம்' என்று நெட்டுருப் போட்டேன். ஒருநாள் ஆசிரியர் விருதிவ்யாபனத்துக்கு உதாரணம் கேட்டார். உப்பிலிட்ட மாங்காய் சுருங்குவதை வாயில் வந்த தமிழில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. பதில் சரி என்று யாரும் சொல்லவில்லை. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்துக்கொண்டேன். அறிவியல் எனக்கு வராது என்று இருபத்தைந்து வருடம் நம்பியிருந்தேன்.

இங்கே முதல் சோதனை உருளைக்கிழங்குத் துண்டுகளை உப்புத்தண்ணீரில் போடுவது. மறுநாள் துண்டு துவண்டு விரலில் வளைந்தது. கொல்லயில் வீட்டுப் பரணில் இருந்த மாங்காய்ப் பரணிதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் சொன்ன பதில் சரியானதுதான்.

வீட்டில் செய்வது ஆய்வகம் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடம் தொடங்கிய அந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே மாணவர் வீடுகளுக்குச் சோதனைப் பெட்டி அனுப்பியிருக்கிறது. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் நுண்ணோக்கிகூட அதில் உண்டு. எங்கள் பாடத்தில் திரையில் மட்டும் செய்யும் அறுவையும் இருந்தது; சுட்டியால் இழுத்தால் பன்றிக்குட்டியின் தோல் விலகும். அதில் நான் ஒன்றும் கற்கவில்லை. கேரளத்தில் 2020 ஜூனில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' பள்ளி வகுப்புகளைத் தொலைக்காட்சியில் பார்த்த தம்பி மகளும், "எல்லாம் கண்டேன் அத்தை, ஒண்ணும் தொடல்லை" என்றுதான் சொன்னாள். கை நனையாத சோதனையை என்னால் சோதனை என்று ஏற்க முடியவில்லை.

பலூனுக்கு வருகிறேன். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால் அது சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும், பலூன் உப்பும். பலூனைச் சுற்றி நூல் கட்டி அளக்க வேண்டும். இதில் எதை மாற்றிப் பார்ப்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் சூட்டையும் சர்க்கரையையும் மாற்றினார்கள். நான் சுண்ணாம்பை எடுத்தேன். எங்கள் பக்கம் அதை நூறு என்போம்.

என் பாட்டா பனையேறி. விடியுமுன் பனையடியில் குந்தியிருந்து, கலயத்தின் உள்பக்கம் விரலை விட்டு வளைய வளைய நூறு தேய்ப்பார். விரல் நுனி வெந்து வெளுத்திருக்கும். அந்தக் கலயத்தைப் பாளையில் கட்டினால் இறங்குவது அக்கானி என்னும் பதநீர். தேய்க்காமல் கட்டினால் அதே பாளை கள்ளைத் தரும். நூறு கூடினால் சுவை கெடும், குறைந்தால் புளிக்கும். ஈஸ்ட் லேசான புளிப்பில் செழிப்பது. pH 4 முதல் 6 வரை அதற்குச் சுகம். தெளிந்த சுண்ணாம்பு நீரோ 12ஐத் தாண்டும். பாட்டாவுக்கு இந்த எண்கள் தெரியாது. ஆனால் ஒரே பனை, ஒரே பாளை, ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற முறை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊறுகாய்க்கு இங்கே விற்கும் சுண்ணாம்புப் பொடியை ஒரு பாட்டிலில் கலந்தேன். அந்தப் பலூன் எழவே இல்லை. பெருமையோடு அறிக்கை அனுப்பினேன். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: சுண்ணாம்பு நீர் கரியமில வாயுவை உறிஞ்சும், அப்படியிருக்க, ஈஸ்ட் வேலை செய்யவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பழைய வகுப்பறையில் நிற்பதுபோல் முகம் சுட்டது. பிறகுதான் உறைத்தது, இங்கே யாரும் சிரிக்கவில்லை. என் பதிலை மெய்யாகவே எடுத்துக்கொண்டு மேலே கேட்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். பாட்டா அவளுக்கு மாமா.

"நொரை நின்னுதா? மணத்து நோக்கினியா மக்களே? மாமா ஊதுறத நோக்கியா கண்டுபிடிச்சாரு? மூக்க வச்சுல்லா சொல்லுவாரு."

மறுபடி செய்தேன், பலூன் இல்லாமல், வாயில் துணி கட்டி. சுண்ணாம்பு சேராத பாட்டிலில் நுரை இரண்டு விரல்கடை உயர்ந்து நின்றது. சேர்ந்ததில் நுரையே இல்லை; வெள்ளையடித்த சுவரின் ஈர மணம்தான் வந்தது. என் மூக்கை மட்டும் நம்பக்கூடாது என்று ஆறு கிண்ணங்களில் ஊற்றி, அடியில் எண் எழுதி, மருத்துவமனையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரரிடம் கண்ணை மூடச் சொல்லி மணக்கக் கொடுத்தேன். புளித்த மூன்றையும் அவர் பிரித்து வைத்துவிட்டார்.

அறிக்கையில் 'கருதுகோள் எங்கிருந்து வந்தது' என்று ஒரு கட்டம் உண்டு. 'என் பாட்டா, பனையேறி, கொல்லயில்' என்று எழுதினேன்.

எவ்வளவு நூறு என்ற அளவு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அம்மாவைக் கேட்டால் "விரல் கணக்கு" என்கிறாள். பாட்டாவோடு பனையேறிய பெரியவர் ஒருவர் தனுவச்சபுரம் பக்கம் இருக்கிறார். மரம் ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு கலயமும் நூறும், தம்பி கடையில் மிளகு நிறுக்கும் சின்னத் தராசும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறாள். தேய்ப்பதற்கு முன் ஒரு தடவை, தேய்த்த பிறகு ஒரு தடவை கலயத்தை நிறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.