பக்கத்துல என்ன வெச்சிருந்தே?

பையிலிருந்து பழங்களை எடுத்துத் திண்ணையில் வைத்தபோது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. இரண்டு வருடங்களுக்கு முன் இதே திண்ணையில் உட்கார்ந்துதான் அந்த அம்மாவிடம் விதை வாங்கிப் போனேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து பிரிந்து உள்ளே போகும் சாலையில், சுற்றிலும் காய்கறிப் பாத்திகள் உள்ள ஓட்டு வீடு. அன்று அவர் கொடுத்தது, கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாட்டுத் தக்காளி. தட்டையாக, பரங்கிக்காய்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். முழுக்கப் பழுத்த பிறகும் காம்படியில் ஒரு பச்சை நிற்கும். தோல் மெல்லிசு, நல்ல புளிப்பு. பெட்டியில் அடுக்கிச் சந்தைக்கு அனுப்பினால் வழியிலேயே நசுங்கிவிடும். அதனால் அது வீட்டுக் குழம்புக்கு மட்டுமே என்று வாழ்ந்த காய்.

இப்போது நான் கொண்டுபோயிருந்ததோ எலுமிச்சையைவிடச் சிறிய, மடிப்பே இல்லாத, வழவழவென்ற உருண்டைச் சிவப்புப் பழம். அவர் கொடுத்த வித்தின் வழியில் மதுரையில் என் வீட்டு மாடியில் காய்த்தது. ஒன்பது செடிகளில் ஏழு சரியாக வந்தன, இரண்டு இப்படி. ஒரு தாயும் மகளும் அறுபது வருடங்களுக்கு மேல் காப்பாற்றியதை நான் இரண்டே வருடத்தில் கலக்கவிட்டுவிட்டேன். சொல்லாமல் மறைக்க மனம் வரவில்லை.

அவர் ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். காம்பைக் கிள்ளிவிட்டு மேல்பக்கத்தை வெயிலில் காட்டிப் பார்த்தார்.

“கழுத்துப் பச்சை எங்க காயோடதுதான். பக்கத்துல என்ன வெச்சிருந்தே அம்மிணி?”

“மஞ்சள் செர்ரித் தக்காளிம்மா. அடுத்த தொட்டியில.”

“எந்த மாசத்துப் பூவுல விதை எடுத்தே?”

“பங்குனிப் பூ இருக்கும். வைகாசியில பழுத்தது.”

“அதான்” என்றார். கோபம் இல்லை. மருத்துவர் நாடி பார்த்துவிட்டுச் சொல்வதுபோல ஒரு நிதானம்.

எந்த மாதத்துப் பூ என்று அவர் ஏன் கேட்டார் என்பது தோட்டத்துக்குள் போனபிறகு புரிந்தது. ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிரித்துக் காட்டினார். பின்னால் மடங்கிய மஞ்சள் இதழ்கள். நடுவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிறு கூம்பாக நிற்கின்றன. கூம்பைக் கீறினால் உள்ளே பச்சை நூல்போல சூல்தண்டு, அதன் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய சூல்முடி. பைகள் உட்பக்கமாக வெடித்து மகரந்தத்தைக் கூம்புக்குள்ளேயே உதிர்க்கும். காற்றில் பூ ஆடினாலே போதும், சூல் பிடித்துவிடும். தக்காளி பெரும்பாலும் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்வது இப்படித்தான். அதனால்தான் வீட்டில் விதை எடுக்கப் பழகுகிறவர்களுக்கு முதலில் தக்காளியைச் சொல்வார்கள்.

அடுத்து, வெயில் நேராக விழும் ஒரு செடியிலிருந்து இன்னொரு பூ. அதில் பச்சை நுனி கூம்பைத் தாண்டி ஒரு எள்ளளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சூடு ஏறினால் சூல்தண்டு இப்படி நீண்டுவிடும். வெளியே வந்த நுனியில் எந்தச் செடியின் மகரந்தமும் ஒட்டலாம். சில பழைய நாட்டு ரகங்களில் குளிர்காலத்திலும் நுனி வெளியேதான் இருக்கும்.

கொண்டுவந்து ஒட்டுவது யார்? தக்காளிப் பூவில் தேன் கிடையாது. தேனீ அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாத்தியோரம் உட்கார வைத்து எனக்குக் காட்டினார். விரல் பருமனில் ஒரு கருவண்டு வந்தது. பூவைக் கால்களால் கட்டிப்பிடித்துத் தலைகீழாகத் தொங்கியது. சிறகு அசையவில்லை, ஆனால் உடம்பு அதிர்ந்து ‘ஸ்ஸ்ங்’ என்று உரத்த ரீங்காரம். அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாக அதன் வயிற்றில் கொட்டுகிறது. பிறகு அடுத்த பூ, அதற்கடுத்த செடி. என் மாடியிலும் இதே ரீங்காரத்தைக் கேட்டிருக்கிறேன். அது இந்த வேலையைச் செய்கிறது என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. வைகாசியில் நான் விதை எடுத்த பழம் அச்சு அசலாக அவர் வீட்டுக் காய்தான். பழத்தின் சதை தாய்ச்செடியின் உடம்பு. தகப்பன் விதைக்குள் மட்டும் இருக்கிறான். அதை விதைத்து, செடியாக்கி, காய்க்கவிட்டால்தான் முகம் காட்டுவான். இந்தத் தகப்பன் மஞ்சள் என்றாலும் பிள்ளை சிவப்பாக வந்ததற்குக் காரணம், தக்காளியில் மஞ்சளைச் சிவப்பு மறைத்துவிடும். மடிப்பை உருண்டை மறைக்கும். சிறிய காயோடு பெரிய காய் சேர்ந்தால் பிள்ளை சிறியதின் பக்கமே சாயும்.

அவருடைய முறை எளிமையானது, ஆனால் கண் வேண்டும். “காயைப் பாத்து விதை எடுக்காதே, செடியைப் பாத்து எடு” என்றார். பெரிய பழம் ஒன்று கண்ணில் பட்டதும் அதைப் பறித்து விதை எடுப்பதுதான் நம்மில் பலர் செய்வது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். அவர் நாற்றிலேயே கவனிக்கத் தொடங்குகிறார். இலை சுருளாதது, கொத்துக்கு ஐந்தாறு காய் பிடிப்பது, காய் எல்லாம் ஒரே சாயலில் இருப்பது என்று நான்கைந்து செடிகளைத் தேர்ந்து பழைய சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டிவிடுகிறார். கட்டிய செடியில் இரண்டாவது, மூன்றாவது கொத்து விதைக்கு. பேரப்பிள்ளைகள்கூடத் தொடமாட்டார்கள். அதுவும் மார்கழிப் பூவாக இருக்க வேண்டும். குளிரில் நுனி உள்ளேயே அடங்கியிருக்கும். மாசியில் நான் போனபோது அந்தக் கொத்துகள்தான் பழுத்திருந்தன.

சான்று விதை எடுப்பவர்கள் தக்காளிக்கு ரகத்துக்கு ரகம் 25 மீட்டர், ஆதார விதைக்கு 50 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது விதிமுறை. என் மாடி முழுவதுமே அவ்வளவு நீளம் இல்லை. அதற்கும் அவரிடம் வழி இருந்தது: பூ விரிவதற்கு முன்பே கொத்தைக் கொசுவலைத் துணியில் பைபோலக் கட்டிவிட்டு, தினமும் காலையில் காம்பை விரலால் சுண்டிவிடுவது. பிஞ்சு பிடித்ததும் துணியை அவிழ்த்து, அந்தக் கொத்துக்கு மட்டும் நூல் அடையாளம்.

பழுத்த பழத்தைக் குறுக்கே அறுத்து, விதையைச் சாறோடு ஒரு மண் கலயத்தில் பிதுக்கினார். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். அது நீங்கப் புளிக்க வேண்டும். இரண்டு நாளில் மேலே வெள்ளைப் பூசணம் ஆடைபோலப் படிந்து, ஒரு புளித்த வாடை அடித்தது. மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் சக்கையும் பொக்கு விதையும் மிதந்து வெளியேறின. நல்ல விதை அடியில் தங்கியது. விரலால் தொட்டால் வழுக்கவில்லை, பூனை நாக்குபோல சொரசொரத்தது. அதுதான் பதம். இதற்கு மேல் ஊறினால் முளைவிட ஆரம்பித்துவிடும். வாழையிலையில் பரப்பி நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோடு பிசறிச் சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைத்தார். ஈரம் அண்டாமல் இருந்தால் நான்கு வருடத்துக்குக் குறையாமல் முளைக்கும்.

கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டம் ராணிபென்னூர்ப் பக்கம் இதே கலப்பைக் கூலிக்குச் செய்யும் பெண்களை முன்பு பார்த்திருக்கிறேன். வீரிய ஒட்டு விதை தயாராகும் வட்டாரம் அது. நாளை விரியப்போகும் மொட்டை இன்று பிரித்து, இடுக்கியால் மகரந்தக் கூம்பை மட்டும் உருவி எடுக்கிறார்கள். சூல்தண்டு முறியக்கூடாது. மறுநாள் காலை, விரல் மோதிரத்தில் வைத்திருக்கும் தகப்பன் செடியின் மகரந்தத்தில் அந்த நுனியைத் தொட்டு எடுக்கிறார்கள். தொட்டதற்கு அடையாளமாகப் புல்லி இதழ் இரண்டைக் கத்தரித்துவிடுகிறார்கள். கழுத்து வளைந்து, நாள் முழுக்கப் பூ பூவாக. நாம் கடையில் வாங்கும் பத்து கிராம் பொட்டலத்தின் விலைக்குப் பின்னால் இருப்பது அந்தக் கண்களின் உழைப்பு. அந்த விதையில் வந்த பழத்திலிருந்து நாம் மறுபடி விதை எடுத்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு சாயலில் பிரிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. வீட்டு விதைகள் சாம்பலில் உயிரோடு இருப்பது முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 ரகம்கூட அன்னஞ்சி என்ற நாட்டுத் தக்காளியில் சடுதி மாற்றம் தூண்டி எடுத்ததுதான். அன்னஞ்சியை யாரோ வீட்டில் வைத்திருக்கப்போய்த்தானே அது நடந்தது.

என் கலப்புச் செடிகளைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்குப் பிடுங்கறே? அது பாட்டுக்கு ஒரு மூலைல கிடக்கட்டும். எங்க விதையோட சேத்து வெக்காதே, அவ்வளவுதான்” என்றார். பிறகு நான் கொண்டுபோன பழத்தில் ஒன்றை வாயில் போட்டார். மென்றபடியே யோசித்தார். “இனிக்குது” என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

இந்த உருண்டைப் பழங்களின் விதையை விதைத்தால்தான் உண்மையான பிரிவினை தெரியும். ஏறக்குறைய நான்கில் ஒரு செடி மஞ்சளாகக் காய்க்கும். மடிப்பும் மறுபடி தலைகாட்டும். மஞ்சளும் மடிப்பும் ஒரே செடியில் கூடிவருவது இன்னும் அரிது. வந்தாலும் அது நிலைப்பட ஆறேழு தலைமுறை பிடிக்கும்; ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதி பாதியாகத்தான் குறையும். வருடத்துக்கு இரண்டு பட்டம் என்றால் மூன்று, நான்கு வருடங்கள்.

கிளம்பும்போது தன் விதையைப் புதிதாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கலந்த பழங்களில் இரண்டைத் தனியாக ஒரு டம்ளரில் பிதுக்கி மாடத்தில் வைத்துக்கொண்டார். மீதியை நான் மதுரைக்குக் கொண்டுவந்து மூன்று நாள் புளிக்கவிட்டு அலசினேன். இப்போது இரண்டு பொட்டலங்கள் என் அலமாரியில் வெவ்வேறு தட்டில் இருக்கின்றன. ஒன்றின் மேல் ‘ஒட்டன்சத்திரம் அம்மா, மார்கழிப் பூ’ என்றும், மற்றதில் ‘தாய் மடிப்பு, தகப்பன் மஞ்சள், வண்டு’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். ஆடியில் இரண்டாவது பொட்டலத்திலிருந்து இருபத்துநான்கு விதை நட வேண்டும். மஞ்சள் வந்தால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.